அஞ்சாம் நம்பர்

திருப்பூரில், பல்லடம் ரோட்டில்,
வீரபாண்டிப் பிரிவு தாண்டி உள்ளே போனால்
லைன் வீட்டின் கடைசி அறை எங்களுடையது.
ஆறு பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட்.
அதற்கு மேல் கேட்டால்
வீட்டுக்காரம்மா மீட்டரைக் காட்டுவார்.

முன்பு முறை வைத்திருந்தோம்.
நைட் ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு முதல் ஒரு மணி நேரம்.
மற்ற போன்கள் அரிசி டப்பாவின் மேல்
செத்துக் கிடக்கும், வரிசை மாறாமல்.
ஒரு நடுராத்திரி யாரோ எழுந்து
யாருடையதையோ பிடுங்கித் தன்னுடையதைச் செருகியதில்
ரோசலினும் மினதியும் பதினோரு நாள் பேசவில்லை,
ஒருத்தி தமிழிலும்
ஒருத்தி ஒடியாவிலும்.

போனஸ் வந்த வாரம்
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கினோம் இந்த ஹப்பை.
ஏழு துளை. தனக்கென்று ஒரு அடாப்டர், செங்கல் கனம்.
"லேப்டாப்புல தொங்கற ரகமில்லீங்க்கா,
சொந்தக் கரண்டுல நிக்கும்" என்றான் கடைப் பையன்.
அந்தச் சொல்லுக்காகவே பேரம் பேசாமல்
தலைக்கு இருநூற்று முப்பது கொடுத்தோம்.

செக்கிங் மேசையிலிருந்து கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து
ஒயர் கழுத்துகளில் கட்டினேன்.
மினதிக்கு மிளகாய்ச் சிவப்பு.
ரோசலினுக்குப் பாசிப் பச்சை.
ஜமீலாவுக்கு, ஜெர்மனிக்காரன் ஷேடு சரியில்லையென்று
திருப்பியனுப்பிய அந்த மஞ்சள்.
அஞ்சலைக்கு அஞ்சாம் நம்பர், கிரே மெலாஞ்ச்.
நாகரத்தினத்துக்கு இரண்டு துளை:
போன் ஒன்று,
ஊத்துக்குளியில் படிக்கிற மகனுக்குத்
தவணையில் எடுத்த டேப்லெட் ஒன்று.
அது செருகியிருந்தால் மற்றதெல்லாம் எறும்பு மாதிரி ஏறும்.
ஆனாலும் கொடுக்கப்போகிற ஞாயிறு வரைக்கும்
நாங்கள் ஆறு பேரும் அதில்தான் சினிமா பார்த்தோம்.

எல்லாருக்கும் நூறு காட்டிய முதல் வாரத்தில்தான் தெரிந்தது
அஞ்சலைக்கு அது ஆகவில்லை என்று.
மூன்று வருஷமாக அவள் தூக்கம்
'சார்ஜ் இல்ல' என்ற இரண்டு சொல்லுக்குள் இருந்திருக்கிறது.
இப்போது அரூரிலிருந்து அவன் கூப்பிட்டால் மணி அடிக்கிறது.
சம்பளம் போட்டாச்சா.
பக்கத்துல யாரு.
வீடியோவப் போடு, சுவத்தக் காட்டு.
நாலு சுவரையும் காட்டினாள்.
நாங்கள் போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டோம்,
வாடகை கொடுக்கிற அறையில்
திருடிகள் போல.

யாரும் கூடிப் பேசவில்லை.
மறுநாள் அஞ்சலை எடுக்காமல் விட,
மினதிக்கு வந்தது அவன் அழைப்பு.
அவள் நம்பரையும் எப்படியோ வாங்கிவைத்திருக்கிறான்.
ஐந்து வருஷத் திருப்பூர்த் தமிழைத் திரட்டிச் சொன்னாள்:
"அண்ணா, அஞ்சாம் நம்பர் ஓட்டை ரிப்பேருங்க.
சார்ஜே ஏறமாட்டேங்குதுங்க."
வேறு ஓட்டை இல்லையா என்று கேட்டிருப்பான்.
"இருக்குதுங். எல்லாத்துலயும் ஆளு இருக்குதுங்."

அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல்
சாம்பல் துண்டு கட்டிய ஒயர் தரையில் சுருண்டிருக்கும்.
அஞ்சாவதன் நீல விளக்கு
எதையும் ஏற்றாமல் எரியும்.

கார்த்திகையில் நேரிலேயே வந்துவிட்டான்.
வாசலில் நின்றபடி ஹப்பைக் கழற்றித் தரச் சொன்னான்.
நடங்க, கடைக்கே போலாம் என்று நானும் போனேன்,
பில் என்னிடம் இருந்ததால்.
கடைப் பையன் அஞ்சாவதில் அஞ்சலையின் போனைச் செருகினான்.
பச்சைக் கோடு ஏறத் தொடங்கியது,
அவன் உள்ளங்கை மறைத்த பக்கத்தில்.
என்னைப் பார்த்தான்.
போனைப் பிடுங்க நீண்டிருந்த கையைப் பார்த்தான்.
"போர்டுல கோளாறுங்க.
போகும் வரும். மாத்த முடியாதுங்."

இரக்கமா,
கேரண்டி கொடுக்க மனசில்லையா,
இன்றுவரை தெரியாது. கேட்கவும் போகவில்லை.

அவனை பஸ் ஏற்றிவிட்டு அறைக்கு வந்தேன்.
அஞ்சாம் நம்பரில் கொசு பேட்டைப் போட்டுவிட்டு
தூங்கிவிட்டிருந்தாள் அஞ்சலை,
வாயைத் திறந்தபடி.